பயன்படுத்திய கேமிங் கணினியைக் குறைந்த செலவில் மேம்படுத்துதல்

பயன்படுத்திய கேமிங் கணினியை மேம்படுத்துதல் என்பது, ஒருவர் சில ஆண்டுகள் பயன்படுத்தி விற்ற விளையாட்டுக் கணினியில் தேவையான உதிரிபாகங்களை மட்டும் மாற்றி அதன் திறனைக் கூட்டுவதாகும். புதிய கணினி வாங்கும் அளவுக்குப் பணம் இல்லாத மாணவர்களும் இளைஞர்களும் பெரும்பாலும் இவ்வழியையே நாடுகின்றனர். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை, கொழும்பு யூனிட்டி பிளாசா போன்ற கணினிக் கடைகள் செறிந்த இடங்களிலும் இணையச் சந்தைகளிலும் இதற்கான பாகங்கள் கிடைக்கின்றன.

இதில் பணம் வீணாவதற்கு முக்கியக் காரணம், நல்ல பாகமாகவே இருந்தும் அது அந்தக் கணினிக்குப் பொருந்தாமல் போவது. இரண்டாவது காரணம், வேகத்தைத் தடுக்கும் பாகம் ஒன்றாக இருக்க வேறொன்றை மாற்றிவிடுவது. மூன்றாவதாக, தரமற்ற மின்வழங்கியால் புதிதாக வாங்கிய பாகமும் சேர்ந்து கெடுவது. இம்மூன்றையும் தவிர்க்கும் முறையே இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரிக் கணினி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது 2017-2018 காலத்தில் பூட்டப்பட்டது. அதில் ரைசன் 5 1600 புராசசர், பி350 சிப்செட் கொண்ட மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி வன்தட்டு, 3 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, பெயர் தெரியாத நிறுவனத்தின் 450 வாட் மின்வழங்கி ஆகியவை உள்ளன. பழைய சந்தையில் பரவலாகக் காணப்படும் அமைப்பு இது.

தடை எங்கே உள்ளது எனக் கண்டறிதல்

ஒரு தையற்கடையில் ஒருவர் துணி வெட்டுகிறார், மற்றொருவர் தைக்கிறார் எனக் கொள்வோம். ஒரு சட்டைக்கு வெட்ட 20 நிமிடமும் தைக்க 10 நிமிடமும் ஆனால், மணிக்கு 3 சட்டைகளே வெளிவரும். தைப்பவருக்கு இன்னும் வேகமான இயந்திரம் வாங்கித் தந்தாலும் எண்ணிக்கை கூடாது. வெட்டுபவரின் வேகம் கூடினால்தான் பயன் உண்டு.

கணினி விளையாட்டும் இவ்வாறே இயங்குகிறது. புராசசர் ஒவ்வொரு காட்சிச் சட்டத்துக்கும் வேண்டிய கணக்குகளைச் செய்து தருகிறது. கிராபிக்ஸ் கார்டு அதை வரைகிறது. வினாடிக்கு 60 சட்டங்கள் கிடைக்க வேண்டுமானால் ஒவ்வொரு சட்டமும் சுமார் 16.7 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும். கிராபிக்ஸ் கார்டு 10 மில்லிவினாடியில் வரைந்து முடித்தாலும், புராசசருக்கு 20 மில்லிவினாடி ஆனால் வினாடிக்கு 50 சட்டங்களே கிடைக்கும்.

தடையைக் கண்டறிய இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. இரண்டுக்கும் முன், விளையாட்டின் அமைப்பில் சட்ட எண்ணிக்கைக்கு வைக்கப்பட்ட வரம்பையும் வி-சிங்க் வசதியையும் நிறுத்திவிட வேண்டும்.

முதலாவது, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு விளையாட்டின்போதே கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைக் கவனிப்பது. அது தொடர்ந்து 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில் உள்ளது. 60 அல்லது 70 விழுக்காட்டிலேயே நின்றால் புராசசரோ ரேமோ அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். புராசசரின் மொத்தப் பயன்பாடு 50 விழுக்காடாக மட்டுமே தெரிந்தாலும் அது தடையாக இருக்கலாம். பல கருக்களில் ஒன்று மட்டும் முழுச்சுமையில் இருக்க, மற்றவை காத்திருக்கும் நிலையில் சராசரி குறைவாகவே தெரியும்.

இரண்டாவது, திரைத் தெளிவைக் குறைத்துப் பார்ப்பது. 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1280×720 திரையில் 9,21,600 மட்டுமே. வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தும் சட்ட எண்ணிக்கை கூடவில்லை என்றால் தடை கிராபிக்ஸ் கார்டில் இல்லை. நன்றாகக் கூடினால் அதுவே தடை.

விளையாட்டுக்கேற்பவும் தடை மாறும். வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளைக் குறைந்த காட்சித் தரத்தில் ஆடுவோருக்குப் புராசசரே பெரும்பாலும் எல்லையாகிறது. சைபர்பங்க் 2077 போன்ற விரிந்த காட்சிகள் கொண்ட விளையாட்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் பங்கு கூடுதல். எனவே எந்த விளையாட்டுக்காக மேம்படுத்துகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

செலவில்லாத சீரமைப்பு

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

1. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். மதர்போர்டிலுள்ள துளையில் செருகியிருந்தால் கிராபிக்ஸ் கார்டின் முழுத்திறனும் கிடைக்காது.

2. 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தாலும் விண்டோசில் அது 60 ஹெர்ட்ஸாகவே அமைந்திருக்கக்கூடும். காட்சி அமைப்புகளில் இதை மாற்றலாம்.

3. தூசி அடைத்த ஹீட்சிங்க்கைத் தூய்மைப்படுத்தி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அளவுக்கு மீறிச் சூடானால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

4. ரேம் அதன் உரிய வேகத்தில் இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். 3200 என்று அச்சிடப்பட்ட டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி வசதியை இயக்காதவரை 2133 அல்லது 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடக்கூடும்.

இவற்றைச் செய்த பிறகு மீண்டும் சோதித்தால், சில கணினிகளுக்கு எந்தப் பாகமும் வாங்கத் தேவையில்லை என்பது தெரியவரும்.

மின்வழங்கி

கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கப்படும் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தைக் கணினிக்குரிய நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. விளையாட்டின் வேகத்தை இது கூட்டுவதில்லை. அதனாலேயே பலரும் இதற்குப் பணம் ஒதுக்குவதில்லை. ஆனால் இது பழுதானால் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றையும் சேர்த்துக் கெடுக்கக்கூடியது.

பெட்டியில் 450 வாட் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் பாதையிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று குறித்திருக்கும். அதை 12ஆல் பெருக்க வேண்டும். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட் மட்டுமே கிடைக்கும். மேலே 450 வாட் என்று எழுதியிருந்தாலும் அது கேமிங் கணினிக்குப் போதாது. 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட் கிடைக்கும்.

தேவையைக் கணக்கிடும் முறை எளிது. 65 வாட் என்று குறிக்கப்பட்ட ஏஎம்4 புராசசர் முழு வேலையில் 88 வாட் வரை எடுக்கலாம். ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டுக்கு 132 வாட். மதர்போர்டு, ரேம், வட்டுகள், விசிறிகளுக்குச் சேர்த்து 50 வாட் எனக் கொண்டால் மொத்தம் 270 வாட். கிராபிக்ஸ் கார்டு கணநேரத்துக்கு இதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால், நல்ல நிறுவனத்தின் 450 அல்லது 550 வாட் மின்வழங்கி பொருத்தமாகும்.

80 பிளஸ் என்னும் முத்திரை, பெறும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளிவருகிறது என்பதைக் காட்டுகிறது. அது நல்ல அடையாளமே. ஆயினும் பாதுகாப்புச் சுற்றுகள் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மூன்று எச்சரிக்கைகள் இங்குத் தேவை. முதலாவது, சாட்டா மின் இணைப்பிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றித் தரும் மலிவான கேபிள்களைப் பயன்படுத்தக் கூடாது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பாதை 4.5 ஆம்பியருக்கு, அதாவது 54 வாட்டுக்கு உரியது. 6 முனை கிராபிக்ஸ் இணைப்பு 75 வாட் வரையும், 8 முனை இணைப்பு 150 வாட் வரையும் கேட்கும். இதனால் இணைப்பு உருகித் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. இரண்டாவது, கழற்றி மாட்டும் வகை மின்வழங்கிகளின் கேபிள்களை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிச் செருகக் கூடாது. முனைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். மூன்றாவது, சுவர் இணைப்பில் எர்த் சரியாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

ரேம்

இன்றைய விளையாட்டுகளுக்கு 16 ஜிபி ரேம் இயல்பான அளவாகிவிட்டது. 8 ஜிபி மட்டும் உள்ள கணினியில், ரேம் நிரம்பியதும் விண்டோஸ் தரவுகளை வட்டுக்கு நகர்த்தத் தொடங்கும். அப்போது ஆட்டம் விட்டுவிட்டு நிற்பதுபோலத் தோன்றும். டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பயன்பாட்டைப் பார்த்தால் இது தெரியும்.

அளவைப் போலவே ஸ்டிக்குகளின் எண்ணிக்கையும் முக்கியமானது. டிடிஆர்4 ரேமின் ஒரு தடம் ஒரு நேரத்தில் 64 பிட், அதாவது 8 பைட் தரவைக் கடத்துகிறது. 3200 வேக ரேமில் வினாடிக்கு 3,200 × 8 = 25,600 எம்பி, அதாவது 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக்குகளை இரு தடங்களில் பொருத்தினால் இது 51.2 ஜிபியாகும். ஆகவே ஒரு 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் விளையாட்டுக்குச் சிறந்தவை. ரைசன் புராசசர்களில் ரேமின் வேகத்தால் ஏற்படும் வேறுபாடு நன்றாகவே தெரியும். நான்கு துளைகள் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் புராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவது துளைகளில் பொருத்த வேண்டும்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. அவற்றின் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருக்கும். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்டிக்குகளைக் கலந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். சிலவேளை நிலையின்றியும் போகும். கலக்க நேர்ந்தால், திருப்பித் தரும் உடன்பாட்டுடன் வாங்குவது நல்லது.

சேமிப்பகம்

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிவினாடி எடுக்கிறது. தேடும் தரவு தலையின் கீழ் வர, சராசரியாக அரைச்சுற்று, அதாவது சுமார் 4 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரம் இதற்கு மேல். அசையும் பாகமற்ற எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ இல்லை. பழைய கணினி புதிதுபோல் தோன்ற எஸ்எஸ்டி ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

எஸ்எஸ்டி சராசரிச் சட்ட எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. விளையாட்டு திறக்கும் நேரத்தையும், புதிய இடங்களுக்குச் செல்லும்போது ஏற்படும் தடுமாற்றத்தையும் குறைக்கிறது. 2023இல் வெளியான ஸ்டார்ஃபீல்டு போன்ற விளையாட்டுகள் எஸ்எஸ்டியைக் கட்டாயத் தேவையாகவே குறிப்பிடுகின்றன.

சாட்டா வகை எஸ்எஸ்டி வினாடிக்குச் சுமார் 550 எம்பி வரை படிக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வழி இயங்கும் என்விஎம்இ வகை 3,500 எம்பி வரை படிக்கும். எண்ணில் பெரிய வேறுபாடு இருந்தாலும், பெரும்பாலான விளையாட்டுகள் திறக்கும் நேரத்தில் அதே அளவு வேறுபாடு தெரியாது. மதர்போர்டில் எம்.2 துளை இருந்தால் அது என்விஎம்இயை ஏற்குமா, சாட்டா வகையை மட்டும் ஏற்குமா என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு

வரைகலை அட்டை எனப்படும் கிராபிக்ஸ் கார்டே செலவில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். தவறும் இதில்தான் அதிகம் நேர்கிறது. கவனிக்க வேண்டியவை வருமாறு.

பெயரில் ஏமாறாமை: ஒரே பெயரில் வெவ்வேறு திறனுள்ள கார்டுகள் விற்கப்படுகின்றன. 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060இல் 1,280 குடா கருக்கள் உள்ளன. 3 ஜிபி வகையில் நினைவகம் மட்டுமின்றிக் கருக்களும் குறைந்து 1,152 ஆகின்றன. ஆர்எக்ஸ் 580இல் 2,304 கருக்கள் இருக்க வேண்டும். 2048எஸ்பி என்ற பின்னொட்டுடன் வருவதில் ஆர்எக்ஸ் 570இல் உள்ள 2,048 மட்டுமே உண்டு.

நினைவகம்: புதிய விளையாட்டுகளுக்கு 4 ஜிபி போதாமல் போகிறது. புதிதாகச் செலவழிப்பவர் 8 ஜிபி உள்ளதைத் தேடுவது நல்லது.

கதிர்த்தட வசதி: ரே டிரேசிங் எனப்படும் கதிர்த்தட முறைக்கான வன்பொருள் இன்றித் திறக்காத விளையாட்டுகள் வரத் தொடங்கியுள்ளன. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகியவை அத்தகையன. இந்த வன்பொருள் ஜிடிஎக்ஸ் 10, ஜிடிஎக்ஸ் 16, ஆர்எக்ஸ் 500, ஆர்எக்ஸ் 5000 வரிசைகளில் இல்லை. ஆர்டிஎக்ஸ் 2060, ஆர்எக்ஸ் 6600 ஆகியவற்றில் உள்ளது.

டிரைவர் ஆதரவு: ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் மேம்பாட்டை 2025 அக்டோபருடன் நிறுத்துவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாகவும் என்விடியா அறிவித்தது. எனவே இவ்வரிசைகளை இனிமேல் மிகக் குறைந்த விலைக்கே வாங்கலாம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள்: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 மதர்போர்டில் அது ஓரளவு சரி. ஆனால் பி350, பி450 போன்ற 3.0 மதர்போர்டுகளில் தடத்தின் வேகம் பாதியாவதால் திறன் குறிப்பிடத்தக்க அளவு இறங்கும். ஆர்எக்ஸ் 6600க்கு 8 தடங்கள் உள்ளதால் இழப்பு சிறிதே. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்னும் வசதி தேவை. பழைய மதர்போர்டில் அது இல்லையெனில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இடமும் மின் இணைப்பும்: கேபினெட்டின் உட்புற நீளத்தையும் கார்டின் நீளத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். துளை வழியாக மட்டும் கிடைப்பது 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி மின் இணைப்பு மின்வழங்கியில் இருக்க வேண்டும்.

அலுவலகங்களில் பயன்பட்டு விற்பனைக்கு வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற சிறு கணினிகளில் மின்வழங்கி பெரும்பாலும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். சந்தையில் கிடைக்கும் பொது வகையை நேரடியாக மாட்ட முடியாது. இவற்றுக்குத் தனி மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்றவற்றின் உயரம் குறைந்த வகைகளே ஏற்றவை. ஜிடிஎக்ஸ் 1650இல் சில மாதிரிகள் தனி மின் இணைப்பு கேட்பதால், வாங்கும் மாதிரியைச் சரிபார்க்க வேண்டும்.

புராசசரும் மதர்போர்டும்

புராசசரை மாற்றும்போது சாக்கெட், சிப்செட், பயாஸ் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். சாக்கெட் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. இன்டெல்லின் எல்ஜிஏ 1151 சாக்கெட் இதற்கு நல்ல சான்று. 6, 7ஆம் தலைமுறைகள் 100, 200 வரிசைச் சிப்செட்டுகளில் இயங்கின. 2017 அக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறையும் பிறகு வந்த 9ஆம் தலைமுறையும் அதே முனை எண்ணிக்கை கொண்டிருந்தும் 300 வரிசைச் சிப்செட்டையே கேட்டன. பழைய மதர்போர்டு வைத்திருந்தவர்கள் புராசசரை மட்டும் மாற்ற முடியவில்லை.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு மாறானது. 2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தது. 2020 நவம்பரில் ரைசன் 5000 வரிசை வந்தது. 2022 முதல் பி350 போன்ற தொடக்ககால மதர்போர்டுகளும் பயாஸ் புதுப்பித்தலுடன் 5000 வரிசையை ஏற்கும் நிலை உருவானது. இதனால் மாதிரிக் கணினியில் மதர்போர்டையும் ரேமையும் மாற்றாமலே ரைசன் 5 5600 புராசசரைப் பொருத்தலாம். இரண்டும் 6 கரு, 12 இழை, 65 வாட் வகையே. எனினும் மூன்று தலைமுறை இடைவெளியால் ஒவ்வொரு கருவும் வெகுவாக வேகமானது. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள புராசசர் ஆதரவுப் பட்டியலில் அதன் பெயர் உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும்.

இங்கு வரிசைமுறை மிக முக்கியம். பழைய புராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். முதலில் கழற்றிவிட்டால், புதிய புராசசரை அடையாளம் காணாத மதர்போர்டு திரையே காட்டாது. புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் மதர்போர்டு இயங்காமல் போகலாம். ஆகவே யுபிஎஸ் இணைத்துச் செய்வது பாதுகாப்பானது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக டிபிஎம் 2.0 வசதியையும், இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதலான புராசசர்களையும் கேட்கிறது. ரைசன் 5 1600 இதில் இடம்பெறவில்லை. 5600க்கு மாறினால் வேகத்துடன் இந்தத் தகுதியும் கிடைத்துவிடுகிறது.

பழைய பாகங்களை வாங்குதல்

எல்லாப் பாகங்களும் ஒரே விதத்தில் தேய்வதில்லை. புராசசரும் ரேமும் முறையாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் எளிதில் கெடுவதில்லை. அவற்றைப் பழையதாக வாங்கலாம். மின்வழங்கி, எஸ்எஸ்டி, வன்தட்டு ஆகியவை பயன்பாட்டால் தேய்பவை. அவற்றைப் புதிதாக, உத்தரவாதத்துடன் வாங்குவதே நல்லது. கிராபிக்ஸ் கார்டைச் சோதித்த பிறகு பழையதாக வாங்கலாம்.

ஏஎம்4 புராசசரின் அடியில் 1,331 நுண்முனைகள் உள்ளன. அவற்றில் ஒன்றும் வளையவோ ஒடியவோ இல்லை என்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டை விற்பவரின் கணினியிலோ கடையிலோ இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் கார்டின் உண்மையான சில்லு, கருக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும். மிகப் பழைய சில்லுகளின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற பெயரில் விற்கும் போலிகளையும் அது அடையாளம் காட்டும். ஃபர்மார்க் அல்லது ஒரு கனமான விளையாட்டை 15 நிமிடம் ஓட்டி, வெப்பநிலை ஓரளவில் நிலைபெறுகிறதா, திரையில் கோடுகளோ நிறப் புள்ளிகளோ தோன்றுகின்றனவா, விசிறிகள் எல்லாம் சுழல்கின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

எத்தீரியம் நாணயம் 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியபின், சுரங்கப் பணியில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் பழைய சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. விசிறியும் வெப்பத் திண்டுகளும் தேய்ந்திருக்கலாம். அச்செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

கணினியோடு வந்த பழைய வட்டின் நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் பார்க்கலாம். ஓடிய மணிநேரமும் பழுதான பகுதிகளின் எண்ணிக்கையும் அதில் தெரியும். பழுதான பகுதிகள் கூடிக்கொண்டே போனால் அவ்வட்டில் பாடக்குறிப்புகளையோ குடும்பப் படங்களையோ வைக்கக் கூடாது.

செலவைக் கணக்கிடுதல்

ஒரு கூடுதல் சட்டத்துக்கு எவ்வளவு ரூபாய் ஆகிறது என்று கணக்கிடுவது நல்ல முறை. பின்வரும் விலைகள் கணக்குக்காக மட்டும் கொள்ளப்பட்டவை. இப்போது 40 சட்டங்கள் கிடைக்கின்றன. ரூ.12,000 விலையுள்ள கார்டு அதை 70 ஆக்கும். ரூ.18,000 விலையுள்ளது 80 ஆக்கும். முதலாவதில் 30 சட்டம் கூட ஒன்றுக்கு ரூ.400 ஆகிறது. இரண்டாவதில் 40 சட்டம் கூட ரூ.450 ஆகிறது. பழைய கார்டை ரூ.4,000க்கு விற்க முடிந்தால் இவை முறையே சுமார் ரூ.267, ரூ.350 ஆகக் குறையும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் வினாடிக்கு 60க்கு மேற்பட்ட சட்டங்களை அது காட்டாது. அந்நிலையில் கூடுதலாக ரூ.6,000 செலவழிப்பதன் பயனைக் கண்ணால் காண இயலாது.

மற்றொரு கணக்கும் உண்டு. கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, மின்வழங்கி, கேபினெட், மானிட்டர் ஆகியவற்றை அடுத்த கணினிக்கும் கொண்டுசெல்லலாம். புராசசர், மதர்போர்டு, பழைய வகை ரேம் ஆகியவை அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். பணம் குறைவாக உள்ளபோது முதல் வகைக்கே முன்னுரிமை தர வேண்டும்.

4ஆம் தலைமுறை இன்டெல் புராசசரும் டிடிஆர்3 ரேமும் கொண்ட கணினிக்கு இது மிகவும் பொருந்தும். அந்தச் சாக்கெட்டில் மேலே செல்லப் பெரும்பாலும் ஐ7 4790கே போன்ற 2014ஆம் ஆண்டுப் புராசசரே எல்லை. அதுவும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. இத்தகைய கணினிக்குப் பழைய புராசசரும் ரேமும் தேடி வாங்குவதைவிட, ஓர் எஸ்எஸ்டியை மட்டும் சேர்த்துச் சமாளித்து, மீதிப் பணத்தை ஏஎம்4 போன்ற அடுத்த தளத்துக்குச் சேமிப்பதே சிக்கனம்.

மாதிரிக் கணினிக்கான வரிசை

மேற்கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மாதிரிக் கணினியை நான்கு படிகளில் மேம்படுத்தலாம். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை.

1. எஸ்எஸ்டி ஒன்றும், இருக்கும் ஸ்டிக்குக்கு இணையான மற்றொரு 8 ஜிபி ரேமும். செலவு குறைவு, பயன் உடனடி.

2. 12 வோல்ட் பாதையில் போதிய ஆம்பியரும், 6+2 முனை கிராபிக்ஸ் இணைப்பும் கொண்ட நல்ல மின்வழங்கி. இதை முடிக்காமல் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது.

3. சோதித்து வாங்கிய ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. பழைய கார்டை விற்ற பணம் இதற்கு உதவும்.

4. பயாஸைப் புதுப்பித்தபின் ரைசன் 5 5600.

போட்டி விளையாட்டுகளை மட்டும் ஆடுபவராயின் 3, 4 ஆகிய படிகளை இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு படிக்குப் பின்னும் மீண்டும் சோதிக்க வேண்டும். இரண்டாம் படியிலேயே விரும்பிய விளையாட்டு சீராக ஓடினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிய பின் ஆற்றல் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். உடலிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், பாகங்களைத் தொடுமுன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். மின்வழங்கியின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

ஏஎம்4 ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுத்தால், இறுகிய பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கப்பட்டு முனைகள் வளையக்கூடும். கழற்றுமுன் கணினியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடாக்கி, மின்சாரத்தைத் துண்டித்தபின் ஹீட்சிங்க்கை இடவலமாக மெல்லத் திருகித் தளர்த்தி எடுப்பதே சரியான முறை.

ஒரே நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி இயக்கிப் பார்க்க வேண்டும். மூன்று பாகங்களை ஒன்றாக மாற்றியபின் கணினி இயங்காவிட்டால், பழுது எதில் என்று கண்டறிவது கடினம். பழைய பாகங்களைப் புதியவை ஓரிரு வாரம் சீராக இயங்கும்வரை விற்காமல் வைத்திருப்பது நல்லது. ஏதேனும் கோளாறு நேர்ந்தால் சோதித்துப் பார்க்கவும், படிப்புக்குக் கணினி இல்லாமல் போகாதிருக்கவும் அவை உதவும்.